வேனுக்கு ஓர் அரசியலமைப்பு

எனக்குக் கால் ஆட்டும் பழக்கம் உண்டு. உட்கார்ந்தால் போதும், வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களின் கையெழுத்து கோணிக்கொண்டு போகும், திட்டுவார்கள். அம்மா திட்டமாட்டாள், போகிற போக்கில் முழங்காலில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாள். என் வாயும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் எனக்குப் பொறுக்காது. நடுவில் எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன். நான் அரசியல் அறிவியல் படித்த அந்த இரண்டு வருடத்தில் இந்தக் காலும் இந்த வாயும் சேர்ந்து என் அம்மாவுக்குச் செய்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் கரையேறியதே பெரிய விஷயம். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போய் வரும் தூரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. காமர்ஸ் கேட்டேன், மார்க்கைப் பார்த்துவிட்டு ஹிஸ்டரி குரூப்பில் போட்டார்கள். வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்களை உட்காரவைக்கிற குரூப் அது. அரசியல் அறிவியலுக்கென்று ஆசிரியர் கிடையாது, இடம் காலி. வரலாற்று டீச்சரே அதையும் சேர்த்துப் பார்த்தார். வந்ததும் போர்டில் நடுவே ஒரு கோடு போடுவார். இந்தப் பக்கம் நாடாளுமன்ற முறை, அந்தப் பக்கம் அதிபர் முறை. ஒற்றையாட்சி, கூட்டாட்சி. எழுதப்பட்டது, எழுதப்படாதது. நாங்கள் பார்த்து எழுத வேண்டும், அவர் கீழ் வகுப்புப் பேப்பர் திருத்துவார்.

எனக்கு அந்தக் கோடு பிடித்துப்போயிற்று. எதைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டால் உலகம் இரண்டாகப் பிரிந்து ஒழுங்காக நின்றது. அமெரிக்காவில் அதிபரை நடுவில் இறக்க முடியாது, பிரிட்டனில் பிரதமரை நினைத்தால் இறக்கலாம். சுவிட்சர்லாந்தில் ஒரு சட்டம் பிடிக்கவில்லையென்றால் ஜனங்களே கையெழுத்து சேர்த்து ஓட்டுக்கு விடலாம். அந்தப் பக்கத்தை மட்டும் எத்தனை முறை படித்தேனோ தெரியாது. ரயிலில் படித்தேன், தண்ணீர் பிடிக்கிற வரிசையில் நின்று படித்தேன்.

வீட்டுக்கும் கோடு போட்டேன். அப்பா குடியரசுத் தலைவர். பெயருக்குத் தலைவர், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுவார். அம்மா பிரதமர். இதை அப்பாவிடமே சொன்னேன். அவர் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை முடித்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கு பெரிய பங்களா குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத நாடு பிரிட்டன். அத்தனை பெரிய நாட்டை ஒரு புத்தகமாக எழுதிவைக்காமல் 'மரபுகள்' என்று சொல்லிக்கொண்டு நடத்துகிறார்களாம். சோம்பேறிகள் என்று நினைத்தேன். ஒருநாள் எழுந்து கேட்டேன்.

"எழுதலன்னா எது சரி எது தப்புன்னு எப்படி டீச்சர் தெரியும்?"

டீச்சர் திருத்துகிற பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அவங்களுக்குத் தெரியும். அஞ்சு மார்க்குக்கு அவ்ளோ போதும், உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். கால் ஆடியது.

அம்மா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டி டேப் சுற்றுகிற வேலை. கான்ட்ராக்ட்தான். மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் கான்ட்ராக்டர் அடுத்த மாத லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார். அந்த லிஸ்டில் பெயர் இருப்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாமே. அப்பாவின் ஆலை வருடத்தில் பாதி நாள் ஆளைக் கூப்பிடாது.

எங்கள் பக்கத்துப் பெண்களை ஏற்றிப்போக ஒரு வெள்ளை வேன் வரும். ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். ஊர் என்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நெல் வயல் வைத்திருக்கிறவர்கள் இருப்பது. இந்தப் பக்கம் காலனி. அந்த வயல்களில் ஒரு காலத்தில் நாற்று நட்டவர்கள் இருப்பது, அதாவது நாங்கள். நடுவில் ரயில்வே கேட். வேனில் போகிற பதினாலு பேரில் ஒன்பது பேர் ஊர், ஐந்து பேர் காலனி. கம்பெனிக்குள் போய்விட்டால் எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே உயர ஸ்டூல், ஒரே கேன்டீன் சாம்பார்.

கம்பெனி கொடுத்த தாளில் வேன் நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: ஊரில், ரேஷன் கடை வாசல். ஆனால் வேன் முதலில் எங்கள் காலனித் தண்ணீர் டேங்க் அருகில் வந்து நிற்கும். டிரைவர் ஆந்திரா பக்கத்திலிருந்து வருகிறவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் அவராகவே உள்ளே வந்து ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் வெயில் அடித்தது, அன்றைக்கும் வந்தார். அப்படியே பழகிவிட்டது. யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை. இதில் இன்னொரு லாபம் இருந்தது. கேட் மூடி வேன் மாட்டிக்கொண்டால் 'வேன் லேட்' என்று கம்பெனியே எழுதிக்கொள்ளும், யாருக்கும் லேட் விழாது.

காலை ரயிலை விட்டுவிட்ட நாட்களில் நானும் அந்த வேனில் தொற்றிக்கொண்டு பள்ளிக்குப் போவேன். டிரைவர் பக்கத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுவார். "எக்கு எக்கு" என்பார், ஏறு ஏறு என்று அர்த்தம். முதல் தடவை ஏறியபோதே அதைப் பார்த்துவிட்டேன்.

வேன் காலி. வரிசைக்கு மூன்று சீட்டாக ஐந்து வரிசை. அம்மாவும் மற்ற நாலு பேரும் ஏறினார்கள். முன்னால் இருந்த சீட்டுகளைத் தாண்டி, தாண்டி, பின்னாலே போய் உட்கார்ந்தார்கள். சக்கரத்துக்கு மேலே இருக்கிற வரிசைகள், பள்ளம் வந்தால் தலை கூரையில் இடிக்கும். கேட்டைத் தாண்டி ரேஷன் கடை வந்தது. ஊர்ப் பெண்கள் ஏறி, அவர்களுக்காகப் பிடித்துவைத்தது மாதிரி காலியாக இருந்த முன் சீட்டுகளில் உட்கார்ந்து, தலையில் பூ சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டுதான் போனார்கள்.

சாயங்காலம் அம்மாவைக் கேட்டேன். "மொதல்ல ஏர்றது நீங்க. ஏம்மா பின்னாடி போயி உக்கார்றீங்க?"

"பின்னாடி காத்து நல்லா வரும்."

"காத்தா? வயித்தெரிச்சல கெளப்பாதம்மா. அங்க ஜன்னலே தொறக்காது."

"ஒனக்கு இன்னா இப்ப? பரீச்சைக்குப் படி."

படித்தேன். படிக்கப் படிக்க எரிந்தது. எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. இரண்டு நாள் இறங்கவில்லை. பிறகு ஒரு ரஃப் நோட்டில் நடுப்பக்கத்தைப் பிரித்து, மேலே 'வேன் விதிகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒன்று, யார் முதலில் ஏறுகிறார்களோ அவர்கள் விருப்பப்பட்ட இடத்தில் உட்காரலாம். இரண்டு, எந்த சீட்டும் யாருக்கும் சொந்தமில்லை. மூன்று, பிரச்சினை வந்தால் எல்லோரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். அந்த மூன்றாவது விதியை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை. சுவிட்சர்லாந்து எங்கள் வேனுக்கு வந்துவிட்டது.

பிளஸ் டூ அரையாண்டுக்கு முந்தைய ஒரு புதன்கிழமை ரயிலை வேண்டுமென்றே விட்டேன். வேனில் ஏறினேன். ரேஷன் கடை தாண்டி, பதினாலு பேரும் ஏறியாயிற்று. ஹைவேயில் டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு அவர்களைப் பார்த்து உட்கார்ந்தேன். நடு வரிசையில் ஜன்னலோரம் இருந்த அம்மா என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நான் வாசித்தேன்.

முன் வரிசையில் லைன் லீடர் உட்கார்ந்திருந்தார். ஊரில் நாலு ஏக்கர் நெல் வயல் வைத்திருக்கிற வீடு. அந்த வயலில் அம்மாவே நட்டிருக்கிறாள். கம்பெனியில் இருபது பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது அவர்தான். கெட்டிக்காரர், சட்டென்று கோபப்படமாட்டார். கையை நீட்டி என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கிற பாப்பா. ஆனா ரூலுன்னா எல்லாத்துக்கும் ரூலு, இல்லியா?"

"ஆமாக்கா."

"கம்பெனி பேப்பர்ல ஸ்டாப்பு ஒண்ணுதான். டெய்லி கேட்ல மாட்டிக்கினு நாங்க ரேஷன் கடையாண்ட கால் மணி நேரம் காயுறோம். அதையும் ஓட்டுக்கு உடுவோமா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் மூன்றாவது விதி என் கையெழுத்தில் அவர் மடியில் கிடந்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார், "ஏன் நைனா இந்த பேஜாரு? எனக்கு இன்னா, நீங்கோ சொல்ற எடத்துல நிப்பேன்."

லைன் லீடரே ஓட்டுக்கு விட்டார். முதலில் சீட்டு. "முன்னாடி ஏர்றவங்க எங்க வேணா உக்காரலாம். சரின்றவங்க கை தூக்குங்க." ஊர்க்காரர்கள் ஒன்பது பேரும் உடனே தூக்கினார்கள். ஏன் தூக்கினார்கள் என்பது அடுத்த கேள்வியில்தான் விளங்கியது. ஸ்டாப் ஒன்றே ஒன்று என்றானால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஏறப்போகிறோம். யார் முன்னால் ஏறுவது என்ற பேச்சே இல்லை. அடுத்தது ஸ்டாப். "இனிமே ரேஷன் கடை மட்டும். சரின்றவங்க?"

ஒன்பது கைகள் எழுந்தன. ஒன்பதுக்கு ஐந்து. நான் படித்த எந்த நாட்டிலும் அது பெரும்பான்மைதான்.

அப்போது நடு வரிசை ஜன்னலோரத்திலிருந்து பத்தாவது கை எழுந்தது. அம்மாவின் கை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே தூக்கினாள். பின்னாலிருந்த நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள், அவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பதினாலுக்குப் பதினாலு. லைன் லீடரே கொஞ்சம் திகைத்துத்தான் போனார். என் நோட்டை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டில் குதித்தேன். "நீ ஏம்மா தூக்கின? நமக்கு எதிரா நீயே ஓட்டு போடுவியா? இதுக்கா நான் இவ்ளோ கஷ்டப்பட்டேன்?"

அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். "தூக்கலன்னாலும் தோத்துதான் போவோம். ஒம்போது பேரு ஒரு பக்கம், அஞ்சு பேரு ஒரு பக்கம்னு ஒரு தடவ எண்ணிட்டாங்கன்னா, அப்பறம் தெனமும் எண்ணுவாங்க" என்றாள்.

முதல் வாரம் நான் ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டேன். அம்மா சீக்கிரமே கிளம்பி நடந்தாள். ரேஷன் கடைக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள், முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நானே பார்த்தேன். லைன் லீடருக்குப் பக்கத்து சீட்டு. என் விதியால் வந்தது என்று நெஞ்சு நிமிர்ந்தது. அம்மா என்னவோ செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட் தன் வேலையைக் காட்டியது. எங்கள் பாதையில் கூட்ஸ் வண்டிகள் அதிகம். சிக்னல் கிடைக்காமல் கேட்டை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். எத்தனை சீக்கிரம் கிளம்பினாலும் சரி, அது நிற்கிற நாளில் இந்தப் பக்கம் நிற்பவர்கள் நிற்க வேண்டியதுதான். அந்தப் பக்கம் வேன் சரியான நேரத்துக்கு வந்து, சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போகும். இப்போது அது வேன் லேட் இல்லை, ஆள் லேட். ஷேர் ஆட்டோ பிடித்து அம்மா போய்ச் சேர்வதற்குள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பெயரைக் குறித்துவிடுவார். அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் அம்மாவுக்கு இரண்டு லேட் விழுந்தது.

இன்னும் ஒன்று விழுந்தால் லிஸ்டில் பெயர் இருக்காது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் இரவும் பகலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தைத் திறந்தால் வாக்கெடுப்பு, பெரும்பான்மை, திருத்தம் என்று எல்லாச் சொல்லும் என்னைப் பார்த்து முறைத்தது. ராத்திரி படுத்தால் கூட்ஸ் சத்தம் கேட்டது. எந்நேரம் பார்த்தாலும் கூட்ஸ் சத்தம்.

அது ஒரு சனிக்கிழமை. எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். அம்மா எனக்கு முன்னால் கிளம்பிப் போயிருந்தாள். நான் கேட்டுக்கு வந்தபோது கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. நிலக்கரி ஏற்றிய பெட்டிகள், இந்த முனையும் தெரியவில்லை, அந்த முனையும் தெரியவில்லை. பைக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் அம்மாவின் பச்சைப் புடவை தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் சாப்பாட்டுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நீலக் கோட்டு வைத்த கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து பெட்டிக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.

எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிறதுதான். ஆம்பளைகள், கல்லூரிப் பையன்கள் தினம் நுழைவார்கள். என் அம்மா அதுவரை நுழைந்ததில்லை. எப்போதும் என்னிடம்தான், "ஒரு நாளு ஸ்கூலு போவலன்னா ஒண்ணும் ஆவாது, அடியில மட்டும் பூறாத" என்று சத்தியம் வாங்கியவள்.

சக்கரங்களுக்கு நடுவே அவள் முதுகு தெரிந்தது. பிறகு அந்தப் பக்கம் கால்கள் மட்டும் தெரிந்தன. அப்பாடா என்றிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. அது தண்டவாளத்துக்கு உள்ளே ஜல்லியில் கிடந்தது. அம்மா மறுபடி குனிந்தாள். பெட்டிக்கு அடியில் கையை நீட்டினாள். எங்கோ தூரத்தில் தடால் என்று ஒரு சத்தம் கிளம்பி, பெட்டி பெட்டியாக எங்களை நோக்கி வந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. சக்கரம் உருளத் தொடங்கியது. அத்தனை பெட்டியும் கடந்து போகிறவரை நான் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாமல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பெட்டி போனதும் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. செருப்பும் இல்லை. ரேஷன் கடைப் பக்கமிருந்து வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

மூன்றாவது லேட் விழவில்லை.

ஸ்பெஷல் கிளாஸில் டீச்சர் 'நெகிழும் அரசியலமைப்பு, நெகிழா அரசியலமைப்பு' என்று கோடு போட்டார். நான் பார்த்து எழுதவில்லை. சாயங்காலம் வந்த அம்மாவிடம் நான் பார்த்ததைச் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முழங்கையில் சிராய்ப்பு இருந்தது, மஞ்சள் பூசியிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து நேராக, வீட்டுக்குப் போகாமல், கேட்டைத் தாண்டி ஊருக்குள் நடந்தேன். லைன் லீடர் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் முறை. இரும்பு கேட்டுக்கு வெளியே நின்று, "அக்கா" என்று கூப்பிட்டேன். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, முடியைக் கொண்டையாக முடிந்தபடி வந்தார். கேட்டைத் திறக்கவில்லை, சாத்தவும் இல்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சொன்னேன். கூட்ஸ், பச்சைப் புடவை, செருப்பு, நீட்டின கை எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூட்ஸுக்கு அடியிலயா?" என்றார். "நேத்தா? ஒண்ணுமே சொல்லலியே. எம் பக்கத்துலதான் உக்காந்துக்கினு வந்துது."

அவர் முகம் மாறியிருந்தது. கேட் கம்பியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். எண்ணெய் நெற்றியில் வழிந்தது, துடைக்கவில்லை. பேசவும் இல்லை. எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்று இன்றைக்கும் நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அரை நிமிடம் இருக்கலாம். அதற்குமேல் இருக்காது. எனக்கு அது பொறுக்கவில்லை. கால் ஆடியது, வாய் திறந்தது.

"நாங்க பின்னாடியே உக்காந்துக்கறோம்க்கா. முன்ன மாரியே. வேன் மட்டும் உள்ள வரட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் அத கேக்கலியே" என்றார்.

நெற்றி எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ போ. டிரைவருக்கு போன் பண்றேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை வேன் தண்ணீர் டேங்க் அருகில் வந்து நின்றது. ஐந்து பேரும் நம்பாமல் பார்த்தார்கள். நான் என் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். என்னைவிட அவசரப்பட்டவர் டிரைவர்தான்.

"லீடரம்மா போன் பண்ணாங்கோ. பழைய மாரியே உள்ள பூந்து ஏத்திக்கினு வா, அவங்களும் பழைய மாரியே உக்காந்துக்கறாங்களாம்னாங்கோ. பொண்ணு போயி பேசிச்சாமே. கெட்டிக்காரப் பொண்ணு!"

அம்மா படியேறி நடுவில் நின்றாள். மூன்றாவது வரிசை ஜன்னலோர சீட்டின் முதுகில் கை வைத்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனாள். மற்ற நாலு பேரும் அவளுக்குப் பின்னால் போனார்கள்.

அன்று மாலை டிபன் பாக்ஸைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

"வண்டி காலனிக்கு வர ஆரம்பிச்ச மொத வருஷம், அஞ்சு பேரும் கடைசி வரிசையில இடிச்சிக்கினு உக்காந்தோம். மூணு பேரு சீட்டுல அஞ்சு பேரு. அடுத்த வருஷம் ரெண்டு பேரு அதுக்கு முன்னாடி வரிசைக்கு வந்தோம். யாரும் ஒண்ணும் சொல்லல. இந்த வருஷம் நான் மூணாவது வரிசைக்கு வந்தேன். ஜன்னலாண்ட. ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, லீடரம்மா பாத்துச்சு, ஒண்ணும் சொல்லல. அப்பதான் நீ நோட்ட எடுத்துக்கினு வந்த."

நான் அவளை நடு வரிசையில் பார்த்திருந்தேன். என் கண்ணால் பார்த்திருந்தேன். அது என்ன இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பின்னாடி உக்காந்தது நாங்களா செஞ்சது. நாங்களா செஞ்சத எந்த நாளு வேணாலும் உடலாம். நீ போயி அத வாக்கு குடுத்துட்டு வந்துட்ட. குடுத்த வாக்க எப்டிடி மாத்தறது?"

பாத்திரத்தைக் கவிழ்த்தாள். என் முழங்காலைப் பார்த்தாள், ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதைத் தட்டாமல் போனாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

பொதுத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது: எழுதப்பட்ட அரசியலமைப்பையும் எழுதப்படாத அரசியலமைப்பையும் ஒப்பிடுக. நடுவில் கோடு போட்டு டீச்சர் கொடுத்ததை அப்படியே எழுதினேன். அந்தப் பாடத்தில் பள்ளியிலேயே நான்தான் முதல் மார்க்.

இப்போது மணவாள நகரில் குடியிருக்கிறேன். ஒரு பள்ளியில் அரசியல் அறிவியல் எடுக்கிறேன். போர்டில் நடுவே அதே கோட்டைப் போடுகிறேன். 'மரபுகள்' என்று எழுதிவிட்டு அடுத்ததை எழுதாமல் நின்றுவிடுவேன் போலிருக்கிறது, "மிஸ், அடுத்த பாயின்ட்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கும் பொறுப்பதில்லை. யாராவது பதில் சொல்லாமல் நின்றால் நானும் இப்போது மனதுக்குள் முப்பது எண்ணிப் பார்க்கிறேன். பாதி நாள் பதினைந்தைத் தாண்ட முடிவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது வரை எண்ணியிருந்தால் லைன் லீடர் என்ன சொல்லியிருப்பார்? வேனை வரச் சொல்கிறேன், அவ்வளவுதான் என்றிருப்பாரோ? சொல்லியிருக்க மாட்டாரோ? பஸ்ஸில் ஏறினாலும் இதுதான் ஓடுகிறது.

அம்மா போன வருடம் முழங்கால் வலியால் வேலையை விட்டாள். நான் வீட்டை விட்டுப் போன பிறகும் எத்தனையோ வருடம் அதே வேனில் போய் வந்தாள். சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, ரொம்ப நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"கடைசியா வேலைய உட்டு நின்னப்ப எந்த வரிசையிலம்மா உக்காந்துக்கினு இருந்த?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த என் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு? எங்கியாச்சும் எழுதப் போறியா?" என்றாள்.

நான் பேசாமல் இருந்தேன். முப்பதும் தாண்டி எண்ணினேன். அவள் சொல்லவில்லை.